6 வோல்ட் வெளிச்சத்தில் திண்டிவனம் போகலாமா?

பழைய புல்லட், ஜாவா, டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஹெட்லைட் பளிச்சென்று எரியும். வேகத்தைக் குறைத்தால் அகல் விளக்கு மாதிரி மங்கும். ஹாரன் அடித்தால் ஒருமுறை கண் சிமிட்டும். எதிரே இருப்பது பள்ளமா, நிழலா என்று பார்க்க, கிளட்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை உறும விட்டவர்கள் இன்றைக்கும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பைக்கில் அது சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. அதே 6 வோல்ட் ஒரு காரில் இருந்து, அந்தக் காரில் மனைவி, மகன், மருமகள், பேரக் குழந்தை என்று எல்லோரும் ஏறி, ராத்திரி எட்டு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தால் சிரிப்பு வராது.

இப்படி ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஊர் விழுப்புரம். ஓய்வுபெற்ற வாத்தியார். அவருடைய அப்பா எப்போதோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1936-ம் வருஷ மோரிஸ் எய்ட், ஷெட்டில் இன்னும் ஓடுகிற நிலையில் நிற்கிறது. திண்டிவனத்தில் உறவுக்காரப் பையனுக்குக் கல்யாணம். "மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க காரைத்தான் கொண்டு வரணும்" என்று கட்டளை. வாத்தியாருக்கு வாயெல்லாம் பல்.

வீட்டு அம்மாவுக்கு மட்டும் யோசனை. "என்னங்க, போறது பகல்ல. திரும்பறது ராத்திரி. அந்த வெளிச்சத்துல நான் குழந்தையை வெச்சுக்கிட்டு உட்கார மாட்டேன்."

சென்னையிலிருந்து மகன் போனில் சொல்கிறான்: "அப்பா, 12 வோல்ட்டுக்கு மாத்தி எல்.இ.டி. போட்டுட்டா முடிஞ்சதுப்பா." வாத்தியாருக்கு அது பிடிக்கவில்லை. அப்பா ஓட்டிய கார், அப்பா ஓட்டியபடியே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி திண்டிவனம் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். அரவைக் காலத்தில் அந்தப் பக்கம் ராத்திரியில் கரும்பு டிராக்டர் போகும். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு இருந்தால் அதிர்ஷ்டம். மார்கழி, தை என்றால் விடிகாலையில் மூடுபனி வேறு. புளியமரங்களின் இடுப்பில் வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை அடித்து, மங்கலான விளக்குக்கும் சாலையின் ஓரத்தைக் காட்டிக்கொடுத்த காலம் ஒன்று உண்டு. நான்கு வழிச்சாலையில் அந்தத் துணை இல்லை. பின்னால் வரும் பஸ்ஸுக்கு இந்தக் காரின் வயதும் தெரியாது.

மூடியை எண்ணுங்கள்

முதலில், எது 6 வோல்ட் கார்? அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் 12 வோல்ட். அவற்றுக்கு இந்தக் கவலை கிடையாது. ஆஸ்டின் செவன், மோரிஸ் எய்ட், 1940-களின் ஃபோர்டு ஆங்கிலியா, பிரிஃபெக்ட், இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் ஜீப், 1950-களின் தொடக்கம் வரை வந்த செவ்ரோலே, பிளைமவுத், டாட்ஜ் இவையெல்லாம் 6 வோல்ட்.

அடையாளம் சுலபம். பேட்டரியின் மேல் தண்ணீர் ஊற்றும் மூடிகளை எண்ணினால் போதும். ஒரு செல் சுமார் 2 வோல்ட். மூன்று மூடி என்றால் 6 வோல்ட், ஆறு மூடி என்றால் 12.

உலகம் ஏன் 12-க்குப் போனது? அமெரிக்கக் கார்களில் எஞ்சின்கள் பெரிதாகி, அழுத்தம் கூடி, அவற்றைச் சுழற்ற 6 வோல்ட் செல்ஃப் மோட்டார் திணறத் தொடங்கியது. ரேடியோ, ஹீட்டர் என்று கரண்ட் குடிக்கும் சாமான்களும் கூடின. 1955, 56-க்குள் அமெரிக்கக் கம்பெனிகள் ஏறக்குறைய மொத்தமாக மாறிவிட்டன. வோக்ஸ்வாகன் பீட்டில் அமெரிக்காவுக்கு 1967 மாடலில்தான் மாறியது. இப்போது சில புதிய கார்களில் 48 வோல்ட் வந்திருப்பதும் இதே கதையின் அடுத்த அத்தியாயம்.

ஒரே ஒரு கணக்கு

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதி மர்மம் விலகிவிடும்.

36 வாட் பல்பு இரண்டு. மொத்தம் 72 வாட். 6 வோல்ட்டில் இதற்கு 12 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் போதும். அதே வெளிச்சத்துக்குப் பாதி கரண்ட். கரண்ட் பாதியானால் ஒயரில் வீணாகும் சக்தி கால்வாசியாகக் குறையும்.

விழுப்புரம் ஜங்ஷனில் நின்று அண்ணாந்து பார்த்தால் இதே பாடம் தலைக்கு மேலே தொங்குகிறது. 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் விட்டபோது கம்பியில் 1,500 வோல்ட்தான். 1960-களில் அதை 25,000 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை கம்பி இழுத்ததும் அந்த 25,000 வோல்ட்டில்தான். வோல்ட்டைக் கூட்டினால் கரண்ட் குறையும், மெல்லிய கம்பியே போதும், வழியில் வீணாவதும் குறையும். ரயிலுக்குச் சரியான அந்தக் கணக்கு காருக்கும் சரி.

அப்படியானால் மகன் சொன்னதுதானே சரி? உடனே 12-க்கு மாற்ற வேண்டியதுதானே? அங்கேதான் திண்டிவனத்து எலக்ட்ரீஷியன் ஒரு நிமிஷம் நிறுத்துகிறார்.

சிக்கல் வோல்ட்டில் மட்டும் இல்லை

எலக்ட்ரீஷியனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாத்தியாருக்கு அவர் இன்னும் 'தம்பி'தான்.

"சார், 12-க்கு மாத்தறது பெரிய விஷயம் இல்லை. அதுக்கு முன்னாடி இப்போ இருக்கற ஆறு வோல்ட்டு பல்புக்கு ஒழுங்கா போய்ச் சேருதான்னு பாத்துடலாம்."

"அதெல்லாம் போகாமலா எரியுது தம்பி?"

"எரியுது சார். எவ்வளவு எரியுதுங்கறதுதான் கேள்வி."

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரை வைக்கிறார். பேட்டரியில் 6.2 வோல்ட். பல்பு ஹோல்டரில் 4.9. வழியிலேயே 1.3 வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

ஐந்தில் ஒரு பங்குதானே போனது என்று தோன்றும். பழைய இழை பல்புக்கு அது பெரிய அடி. வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் பல மடங்கு இறங்கும். பத்து சதவிகிதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவிகிதம் போய்விடும். இருபது சதவிகிதம் குறைந்தால் பாதிக்கும் மேல் போச்சு. வாத்தியார் இத்தனை வருஷமாக '6 வோல்ட் வெளிச்சம்' என்று நினைத்தது, பாதி விளக்கின் வெளிச்சம்.

காணாமல் போன 1.3 வோல்ட் எங்கே? சுவிட்சின் கருத்துப்போன பித்தளையில் கொஞ்சம். நூல் சுற்றிய பழைய ஒயரின் முனையில் கொஞ்சம். மீதி எர்த்தில். கரண்ட் பல்பு வரை ஒயரில் போகிறது. திரும்பி வருவது காரின் உடம்பு வழியாக. ஹெட்லைட்டைத் தாங்கும் போல்ட்டுக்கு அடியில் துருவும், அதன் மேல் அடித்த பெயின்ட்டும் இருந்தால் திரும்பும் பாதை அடைபடும். 12 ஆம்பியர் ஓடும் பாதையில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் காரில் அதே துரு 0.6 வோல்ட்டைத்தான் தின்னும். 12 வோல்ட் துருவைப் பொறுத்துக்கொள்ளும், 6 வோல்ட் பொறுக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலைக்குப் புதிய சாமானே தேவையில்லை. உப்புத்தாளால் ஒவ்வொரு எர்த் முனையையும் உலோகம் மினுங்கும்வரை தேய்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து எஞ்சினுக்கும் தடிமனான கேபிள் போட வேண்டும். 12 வோல்ட் கார் கேபிள் 6 வோல்ட் செல்ஃபுக்குப் போதாது. ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும்.

அடுத்தது ரிலே. பழைய சுவிட்ச் வழியாக 12 ஆம்பியரும் ஓடத் தேவையில்லை. 6 வோல்ட் ரிலே ஒன்றை முன்பக்கம் வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயரில் கரண்ட் கொடுத்தால், சுவிட்ச் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் பார்க்கும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. ரிலே போடும்போதே பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்யூஸும் போட்டுவிடலாம். நூல் சுற்றிய ஒயரின் உள்ளே இருக்கும் ரப்பர் எண்பது வருஷத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும். அது பெட்ரோல் குழாய் ஓரத்தில் உரசினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பிறகு ரிஃப்ளெக்டர். அந்தக் கால விளக்குகளின் உள்பக்கம் பித்தளை மேல் வெள்ளி முலாம். கருத்துப்போயிருந்தால் எத்தனை வாட் போட்டாலும் வெளிச்சம் உள்ளேயே செத்துவிடும். பாத்திரம் துலக்கும் பவுடர் போட்டுத் தேய்த்தால் முலாமே போய்விடும். மீண்டும் முலாம் பூசக் கொடுப்பதே வழி.

இவ்வளவும் முடித்து மீட்டரை வைத்தால் பல்பில் 5.9 வோல்ட். பல்பும் மாறவில்லை, பேட்டரியும் மாறவில்லை. வெளிச்சம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"அப்பா காலத்துல இப்படித்தான் எரிஞ்சிருக்கும் சார்" என்கிறார் எலக்ட்ரீஷியன். வாத்தியார் பதில் சொல்லவில்லை. காரை அப்பா ஓட்டியபடியே வைத்திருப்பதாக அவர் இத்தனை நாள் நம்பியிருந்தார்.

ஒற்றைக் கண்

அடுத்தது டிம் அடிப்பது. 1930-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் டிம் செய்தால் இரண்டு விளக்கும் தாழாது. வலது விளக்கு அணைந்துவிடும். இடது விளக்கின் ரிஃப்ளெக்டர் மட்டும் சாலை ஓரத்தைப் பார்த்துச் சாயும். எதிரில் வருபவரின் கண் கூசக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்தது.

இன்றைய சாலையில் அதற்கு அர்த்தமே வேறு. எதிரே வருகிற லாரிக்காரர் கண்ணுக்கு ஒரே ஒரு பெரிய விளக்கு தெரியும். பைக் என்று நினைப்பார். அவருக்கு நெருக்கமான வலது பக்கம் முழுக்க இருட்டில் இருக்கும். அந்தப் பக்கம்தான் டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். டபுள் ஃபிலமென்ட் பல்பு போட்டு இரண்டு விளக்கும் சேர்ந்து தாழும்படி செய்வது சின்ன வேலை. பிரைட்னெஸைவிட இது முக்கியம்.

அதைவிட முக்கியம் பின்பக்கம். பழைய கார்களில் பின்னால் 6 வாட் அளவில் ஒரு சிவப்பு விளக்கு. சிலவற்றில் வலது பக்கம் ஒன்று மட்டும். திரும்புவதைக் காட்ட, கதவுத் தூணிலிருந்து எழும்பும் குட்டிக் கைகாட்டி. 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் டிரைவர் அதைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். 6 வோல்ட்டுக்கே எல்.இ.டி. பல்புகள் கிடைக்கின்றன. பழைய கண்ணாடிக்குள்ளேயே பொருந்தும். வெளியே பார்த்தால் மாற்றம் தெரியாது. சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி.யே போடலாம். கரண்டும் துளிதான் எடுக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் உண்டு. பாசிட்டிவ் முனை உடம்போடு சேர்ந்திருக்கும். இழை பல்புக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். எல்.இ.டி. அப்படி இல்லை. இரண்டு பக்கமும் ஏற்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாப்பிள்ளை அழைப்பும் டைனமோவும்

வெளிச்சம் வந்தாயிற்று. அதற்குத் தீனி போடுவது யார்?

டைனமோவுக்கு ஒரு குணம். எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் அது கரண்ட் தரும். மெதுவாக ஓடும்போது ஒன்றும் தராது. அப்போது பேட்டரியிலிருந்து கரண்ட் டைனமோவுக்குத் திரும்பிப் பாய்ந்துவிடாமல் தடுப்பதற்குத்தான் கட்-அவுட் என்ற சின்னப் பெட்டி.

இப்போது மாப்பிள்ளை அழைப்பை நினைத்துப் பாருங்கள். முன்னால் நாதஸ்வரம், தவில். நடக்கிற வேகத்தில் கார். படம் எடுப்பதற்காக ஹெட்லைட் முதல் எல்லா விளக்கும் எரிய வேண்டும் என்று போட்டோகிராபர் கேட்பார். ஹெட்லைட் 12 ஆம்பியர், மற்ற விளக்குகள் 4, இக்னிஷனுக்கு 3 என்று வைத்தால் 19 ஆம்பியர். டைனமோ தருவது பூஜ்யம். இரண்டு மணி நேர ஊர்வலத்தில் 38 ஆம்பியர்-அவர் காலி. 75 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் பாதி போய்விட்டது. வயதான பேட்டரியாக இருந்தால் மண்டப வாசலிலேயே படுத்துவிடும். அதற்குப் பிறகுதான் 40 கிலோமீட்டர் இருட்டு.

பழைய மூன்று பிரஷ் டைனமோவில் இன்னொரு வேடிக்கை. பேட்டரி நிறைந்ததா, காலியா என்று அதற்குத் தெரியாது. அதனால் சில கார்களில் கோடைக்குக் குறைந்த சார்ஜ், குளிர்காலத்துக்கு அதிக சார்ஜ் என்று ஒரு சுவிட்ச். இங்கிலாந்துக்கு அது சரி. விழுப்புரத்தில் குளிர்காலத்தை எங்கே தேடுவது? பகலில் நீண்ட தூரம் அதிக சார்ஜில் ஓட்டினால் பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். பேட்டரி முனை ஓடும்போது கழன்றுவிட்டால் வோல்ட் எகிறி, எரிகிற பல்பெல்லாம் போய்விடும்.

இதற்கு மூன்று தீர்வுகள். டைனமோவைக் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றி, கம்யூட்டேட்டரை லேத்தில் சுத்தம் செய்வது முதல் படி. பேட்டரியின் நிலை அறிந்து சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் வைப்பது இரண்டாவது. அதில் 6 வோல்ட் பேட்டரிக்கு 7 வோல்ட்டுக்குச் சற்று மேல் சார்ஜ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அது சார்ஜ் தரும். வெளிநாடுகளில் டைனமோ உருவத்திலேயே, உள்ளே ஆல்டர்னேட்டர் வைத்துத் தயாரிக்கிறார்கள்.

எல்.இ.டி. ஹெட்லைட் போட்டால் போதுமா?

மகனின் இரண்டாவது யோசனை இது. பின்விளக்குக்கு நல்ல யோசனை. ஹெட்லைட்டுக்கு அவசரப்படக் கூடாது.

பழைய ரிஃப்ளெக்டரின் குழிவு, பல்பின் மெல்லிய இழை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் இருக்கும் என்று கணக்குப் போட்டு அமைத்தது. எல்.இ.டி.யின் ஒளித் துண்டுகள் அந்தப் புள்ளியில் உட்காராவிட்டால் ஒளி சிதறும். நமக்கு முன்னால் வெள்ளையாகப் பரவும், தூரத்துச் சாலை தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் கூசும். கடையில் சுவரில் அடித்துப் பார்க்கும்போது அசத்துவது சாலையில் ஏமாற்றிவிடும்.

வாங்கினாலும் பரீட்சை வைத்துப் பார்க்கலாம். சமதரையில், சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். விளக்கின் மையம் இருக்கும் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். டிம்மில் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். கோட்டுக்கு மேலே ஒளி தெளித்தால் அந்த பல்பு அந்தக் காருக்கு ஆகாது. 6 வோல்ட் ஹாலஜன் பல்பும் உண்டு. 60 வாட் என்றால் ஒரு விளக்குக்கு 10 ஆம்பியர், இரண்டுக்கும் 20. சின்ன டைனமோ அதற்கு ஈடுகொடுக்காது.

12-க்குப் போவது என்றால்

மாற்றவே கூடாது என்பதில்லை. அடிக்கடி ராத்திரியில் ஓட்டும் ஜீப், வாரா வாரம் வெளியே எடுக்கும் கார் என்றால் 12 வோல்ட்டுக்குப் பலமான ஒரு காரணம் உண்டு. நடுராத்திரி விக்கிரவாண்டியில் பல்பு போனால் 12 வோல்ட் பல்பு கிடைக்கும். 6 வோல்ட் கிடைக்காது.

ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று வந்துவிட முடியாது. எல்லா பல்பும் மாற வேண்டும். இக்னிஷன் காயில் மாற வேண்டும், இல்லாவிட்டால் பிளாட்டினம் பாயின்ட் கருகும். ஹாரன், வைப்பர் மோட்டார், பெட்ரோல் மீட்டர், கைகாட்டியின் காயில் ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் சாமானோ, வோல்ட்டைக் குறைக்கும் சாதனமோ வேண்டும். டைனமோவும் ரெகுலேட்டரும் மாற வேண்டும். பழைய ஒயரிங் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே வைக்கலாம். கரண்ட் பாதியாவதால் அதற்குச் சுமை குறையும்.

6 வோல்ட் செல்ஃப் மோட்டாரைப் பலர் 12-லேயே ஓட்டுகிறார்கள். எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஃப்ளைவீல் பற்களில் சம்மட்டி அடி மாதிரி விழும். பல் உடைந்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அழுத்திப் பிடிக்காமல் தொட்டு எடுக்க வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. அன்றாட ஓட்டத்துக்கும் தொழிலுக்கும் அந்தப் பதிவில் இடமில்லை. ஆல்டர்னேட்டர் வைப்பதற்காக எஞ்சின் பிளாக்கில் துளை போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளிலேயே பிராக்கெட் பொருத்த முடிந்தால் பிரச்னை வராது.

வாத்தியார் எடுத்த முடிவு

வருஷத்தில் பத்து முறை வெளியே வரும் கார் என்பதால் வாத்தியார் 6 வோல்ட்டிலேயே நின்றார். எர்த், ரிலே, ஃப்யூஸ், ரிஃப்ளெக்டர் முடிந்தது. டிம்மில் இரண்டு கண்ணும் தாழ்கின்றன. பின்னால் இரண்டு சிவப்பு எல்.இ.டி. டைனமோ பிரஷ் மாற்றி, ரெகுலேட்டர் வைத்தாயிற்று. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி சார்ஜரில் 6 வோல்ட் என்ற சுவிட்ச் நிலையை இரண்டு முறை பார்த்துவிட்டு பேட்டரியை நிரப்பினார். ஊர்வலத்தில் ஹெட்லைட் கிடையாது, சைடு விளக்கு மட்டும்தான் என்று போட்டோகிராபரிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

வேகத்துக்கும் ஒரு ஒப்பந்தம் போட்டார் வீட்டு அம்மா. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் விநாடிக்கு 16.7 மீட்டர் ஓடும். ஆபத்தைப் பார்த்துக் காலை பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி என்றால் அதற்குள் 25 மீட்டர். பழைய டிரம் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். மொத்தம் 60. அதே கார் 40-ல் போனால் சுமார் 32 மீட்டரில் நின்றுவிடும். விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ, அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் ராத்திரி வேகம். "நாப்பதைத் தாண்டினா நான் இறங்கிடுவேன்" என்றார். கைக்குழந்தையோடு அவர்தான் பின்சீட்டில் முதலில் ஏறினார்.

கழற்றிய சாமான் எதையும் எலக்ட்ரீஷியன் தூக்கிப் போடவில்லை. பழைய ஹோல்டர், கட்-அவுட், நூல் சுற்றிய ஒயர் எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு நோட்டுத்தாளில் வரைந்து அதற்குள் வைத்தார். "சார், மாத்தறது தப்பில்லை. திரும்ப மாத்த முடியாத மாதிரி மாத்தினாதான் தப்பு."

எண்பது வருஷக் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் பொருந்துகிற வார்த்தை அது. வெட்டாமல், துளையிடாமல், திரும்பக் கழற்றி எடுக்க முடிகிற மாதிரி செய்தால், நாளைக்குப் பேரப்பிள்ளை 12 வோல்ட்டுக்குப் போக நினைத்தாலும் போகலாம். முழுக்கப் பழையபடி வேண்டும் என்றாலும் டப்பாவைத் திறக்கலாம். உங்கள் வீட்டு ஷெட்டிலும் அப்படி ஒரு கார் நின்றால், பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் முன் ஒரு மல்டிமீட்டரும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போங்கள். பாதி வெளிச்சம் அங்கேயேதான் இருக்கிறது.